கட்டடக் கலைஞர் குழுவில் மாறுபட்ட குணமுள்ளவர்களைச் சேர்த்து வேலை நடத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலி, பாளையங்கோட்டை வட்டாரத்தில் உள்ள கட்டடக் கலைஞர் அலுவலகங்கள் பெரும்பாலும் சிறியவை. தலைமைக் கட்டடக் கலைஞர் ஒருவர், இளையவர்கள் இரண்டு மூன்று பேர், வரைபடங்களை வரைந்து கொடுக்கும் ஒரு டிராஃப்ட்ஸ்மேன், சைட்டைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பொறியாளர், கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வந்திருக்கும் ஒரு மாணவர் என்று ஆறேழு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். ஆள் குறைவாக இருப்பதால் ஒருவருடைய சுபாவம் அடுத்தவருடைய வேலையில் நேராகப் போய் முட்டுகிறது. ஒத்துப்போகாத இருவரைப் பிரித்து வைக்க இன்னொரு குழுவும் கிடையாது.

அப்படிப்பட்ட குழுவை நடத்தும் பொறுப்புக்கு முதன்முறையாக வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான். முதலில் ஆட்களின் குணத்தை எடைபோடுகிறார்கள், அதை வைத்து வேலையைப் பங்கிடுகிறார்கள், எந்த முடிவை யார் எடுப்பது என்பதைச் சண்டை வந்த பிறகே யோசிக்கிறார்கள். கீழே உள்ள வரிசை அதற்கு நேர்மாறானது. ஒவ்வொரு படியும் முந்தைய படியை நம்பி நிற்பதால் இடம் மாற்றாமல் செய்ய வேண்டும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, வேலையின் நாட்காட்டி. ஆடியிலும் மார்கழியிலும் வீட்டு வேலை தொடங்க நம் பக்கத்தில் பெரும்பாலோர் சம்மதிப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழை, அஸ்திவாரத்துக்குத் தோண்டிய குழிகளைத் தண்ணீரால் நிரப்பிவிடும். ஆகவே தை மாதம் வேலை தொடங்க வேண்டும் என்று வீட்டுக்காரர் சொன்னால், அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, சைட்டுக்குக் கொடுக்க வேண்டிய வேலை வரைபடங்கள் கார்த்திகைக்குள் முடிய வேண்டும் என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நெருக்கடி எங்கிருந்து வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியாவிட்டால், அவசரப்படுத்துபவருக்குச் சிடுமூஞ்சி என்றும் நிதானமாகச் செய்பவருக்கு மெத்தனமானவர் என்றும் பெயர் வந்துவிடும்.

இரண்டாவது, வரைபடப் பதிவேடு. ஒவ்வொரு வரைபடத்துக்கும் எண், எத்தனையாவது திருத்தம், தேதி, யார் மாற்றினார், எதற்காக மாற்றினார் என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, முடிவுக் குறிப்பேடு. பேசி முடித்த ஒவ்வொன்றையும் ஒரே வரியில், தேதி போட்டு எழுதுங்கள். இந்த இரண்டு ஏடுகளும் இல்லாத அலுவலகத்தில் ஒவ்வொரு கருத்து வேறுபாடும் யாருக்கு ஞாபகம் சரி என்ற வாதமாக மாறும். அந்த வாதத்தில் உரத்த குரல் உள்ளவரே வெல்வார்.

2. ஆட்களைப் பார்க்கும் முன் வேலையின் கட்டங்களைப் பிரியுங்கள்

வீட்டுக்காரரின் தேவையைக் கேட்டறிதல், முதல் வடிவம், அனுமதி வரைபடம், வேலை வரைபடம், அளவுப் பட்டியலும் மதிப்பீடும், சைட் மேற்பார்வை என்று கட்டங்களை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டமும் வேறு வேறு மனப்போக்கைக் கேட்கிறது. முதல் வடிவத்தின்போது இதுவரை செய்யாத ஒன்றைத் துணிந்து வரைபவர் தேவைப்படுகிறார். அனுமதி வரைபடத்துக்குத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-ஐப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மனையைச் சுற்றி விட வேண்டிய இடைவெளியையும் கட்டடத்தின் உயரத்தையும் வரி வரியாகச் சரிபார்ப்பவர் தேவைப்படுகிறார். இரண்டு இயல்பும் ஒரே ஆளிடம் அமைவது அரிது.

இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்கள், முதல் வடிவத்தில் மின்னியவரையே கடைசி வரை முன்னிறுத்துகிறார்கள். இதற்குக் கல்லூரிப் பழக்கமும் ஒரு காரணம்: மாணவர் தன் மேசையில் தனியாக வரைகிறார், நடுவர்கள் முன் தனியாக நின்று பேசுகிறார், மதிப்பெண்ணும் தனியாகவே வாங்குகிறார். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் பெர்க்லியில் டொனால்ட் மெக்கினன் என்ற உளவியலாளர், படைப்பாற்றலுக்குப் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்களை வரவழைத்து ஆராய்ந்தார். தன்னம்பிக்கையும் பிறர் சொல்லுக்கு எளிதில் வளையாத போக்கும் அவர்களிடம் மேலோங்கியிருப்பதைக் கண்டார். அந்த ஆய்வு தனி ஆட்களைப் பற்றியது. வளையாத நால்வரை ஒரே அறையில் வைத்து மதிப்பீட்டுப் பட்டியல் தயாரிக்கச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு அதில் விடை கிடையாது. உங்கள் வேலையோ அதுதான்.

3. ஒவ்வொரு கட்டத்திலும் முடிவு யாருடையது என்று பெயர் எழுதுங்கள்

கட்டங்களின் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு பெயர் இருக்க வேண்டும். கருத்துச் சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. முடிவெடுப்பவர் அந்த ஒருவர். இரண்டு பெயர் எழுதினால் எழுதாததற்குச் சமம்.

குணத்தைக் கவனிக்கும் முன்பே இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முடிவின் உரிமையாளர் யார் என்று தெரியாத குழுவில், தயங்காமல் பேசுபவர் தானாகவே தலைவராகிவிடுவார், விட்டுக்கொடுப்பவர் தானாகவே ஒதுங்கிவிடுவார். அப்போது நீங்கள் கவனிப்பது அவர்களுடைய உண்மையான இயல்பாக இராது. குழப்பத்தில் அவரவர் பிடித்துக்கொண்ட இடமாகவே இருக்கும்.

தலைமைக் கட்டடக் கலைஞரின் பெயரையே எல்லாவற்றுக்கும் எதிரே எழுதுவது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. அவர் ஒரு நாள் தென்காசி சைட்டிலும் மறுநாள் நாகர்கோவில் சைட்டிலும் இருப்பார். போனில் பிடிக்க முடியாதபோது வேலை நிற்கும் அல்லது யாரோ ஒருவர் துணிந்து முடிவெடுப்பார், அதன் பிறகு மனத்தாங்கல் வரும்.

4. இயல்பைக் கவனியுங்கள், பெயர் சூட்டாதீர்கள்

இப்போதுதான் ஆட்களின் பக்கம் வர வேண்டும். மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரிக்கும் மையர்ஸ்-பிரிக்ஸ் வினாத்தாளைக் கொடுத்து இந்தப் படியை ஒரே மாலையில் முடித்துவிட நினைப்பவர்கள் பலர். சில வாரங்கள் கழித்து அதையே மறுபடியும் எழுதச் சொன்னால் பலருக்கு வேறு வகை வருகிறது என்பதால், அதை நம்பி வேலையைப் பங்கிடுவது சரியில்லை. அதைவிடப் பெரிய கெடுதல், ‘நான் இந்த வகை, எனக்கு மதிப்பீடு வராது’ என்று ஒருவர் தனக்குத்தானே வேலி போட்டுக்கொள்வது.

உளவியலில் வேரூன்றியிருக்கும் ஐந்து அளவுகோல்களே போதும்: புதியதை நாடும் தன்மை, ஒழுங்கும் பொறுப்பும், கலகலப்பு, இணக்கம், பதற்றம். ஒவ்வொன்றும் கூடுதல் குறைவாக எல்லோரிடமும் இருக்கும். யாரும் ஒரு பெட்டிக்குள் அடங்குவதில்லை. வினாத்தாளே இல்லாமல் அலுவலகத்தில் இவற்றைப் பார்க்கலாம். ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளின் கோப்பில் லேயர்கள் எனப்படும் அடுக்குகளுக்கு முறையாகப் பெயர் வைத்திருக்கிறாரா, ஏற்றுக்கொண்ட தேதியில் கொடுக்கிறாரா என்பவை ஒழுங்கைக் காட்டும். தன் வடிவத்தின் மேல் டிரேசிங் தாளை வைத்து இன்னொருவர் வரையும்போது அவருடைய முகம் எப்படி இருக்கிறது என்பது இணக்கத்தையும் பதற்றத்தையும் சேர்த்தே காட்டும்.

ஓர் எச்சரிக்கை. நம் ஊரில் அமைதியைக் கூச்ச சுபாவம் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. வயதில் மூத்தவர் பேசி முடித்த பின் எதிர்த்துச் சொல்வது மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்டவர்கள், ‘சார் சொன்னா சரிதான்’ என்று நிறுத்திக்கொள்வார்கள். அதே ஆளைத் தேநீர்க் கடையில் தன் வயதுக்காரர்களோடு பாருங்கள். அந்த வடிவத்தில் உள்ள ஐந்து குறைகளைச் சரளமாகச் சொல்வார். இயல்பால் அமைதியானவருக்குத் தனியாக யோசிக்க நேரம் கொடுக்க வேண்டும். மரியாதையால் அமைதியானவருக்கு, மூத்தவர் கடைசியில் பேசுவார் என்ற ஏற்பாடு வேண்டும். இரண்டையும் குழப்பினால் மருந்து மாறிப்போகும்.

நீங்கள் கவனித்ததை யாரிடமும் சொல்லாதீர்கள். வேலையைப் பங்கிடும்போது உங்கள் மனத்தில் இருந்தால் போதும்.

5. கூடிப் பேசும் முன் தனித்தனியே வரையச் சொல்லுங்கள்

முதல் வடிவத்துக்கான கூட்டத்தை வெறும் மேசையோடு தொடங்காதீர்கள். வீட்டுக்காரரின் தேவைகளையும் மனையின் அளவையும் ஒரே தாளில் எல்லோருக்கும் கொடுத்து, பயிற்சி மாணவர் உட்பட ஒவ்வொருவரும் தனியாக ஒரு கோட்டுப்படம் வரைந்து கொண்டுவரச் சொல்லுங்கள். பெயர் எழுதாமல் அவற்றைச் சுவரில் ஒட்டிய பிறகே பேச்சு தொடங்க வேண்டும்.

கூடி உட்கார்ந்து யோசனை சொல்லும் குழுவைவிட, அதே எண்ணிக்கையில் தனித்தனியே யோசிப்பவர்கள் அதிக யோசனைகளைத் தருகிறார்கள் என்பதை டீல், ஸ்ட்ரோபே ஆகிய உளவியலாளர்கள் இருவர் 1987-இல் வெளியிட்ட சோதனைகள் காட்டின. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருப்பதும், காத்திருக்கையில் தம் யோசனை நழுவிப்போவதும் முக்கியமான காரணம் என்று அவர்கள் கண்டார்கள். கட்டடக் கலைஞர்களிடம் இது இன்னும் கூடுதலாக நடக்கும். ஒருவர் பேனாவை எடுத்து முதல் கோட்டைப் போட்டவுடன் மற்ற எல்லோருடைய கண்ணும் அந்தக் கோட்டிலேயே ஒட்டிக்கொள்ளும்.

பேசும் வரிசையையும் தீர்மானியுங்கள். வயதில் இளையவர் முதலில், தலைமைக் கட்டடக் கலைஞர் கடைசியில். கலகலப்பானவருக்குச் சுவரில் உள்ள எல்லாவற்றையும் தொகுத்துச் சொல்லும் வேலையைக் கொடுத்தால், அவருடைய பேச்சாற்றல் பிறருடைய யோசனைக்கும் பயன்படும்.

6. வரைபடத்தைப் பூட்டும் நாளைக் குறியுங்கள்

பூட்டுவது என்றால், இதற்குப் பின் நினைத்தபடி மாற்றக் கூடாது என்று வரைபடத்தை நிறுத்துவது. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் உங்களால் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். புதியதை நாடுபவருக்கும் ஒழுங்கை நாடுபவருக்கும் இடையே வரும் பகை பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

பாளையங்கோட்டையில் ஒரு சிறு மருத்துவமனைக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். தளத்துக்குத் தளம் உயரம் 3 மீட்டர். குடியிருப்பு அல்லாத கட்டடங்களில் படியின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, மிதியின் அகலம் 300 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. ஆகவே 20 படிகள். நடுவில் திரும்பும் மேடையான லேண்டிங்குக்குக் கீழே பத்து, மேலே பத்து. வேலை வரைபடம் முடியும் தறுவாயில், வடிவத்தைக் கவனித்துவரும் இளையவர், காத்திருப்புக் கூடம் அடைத்தாற்போல் இருக்கிறது என்று கருதித் தளத்தின் உயரத்தில் 150 மில்லிமீட்டரைக் கூட்டுகிறார். அவருக்கு அது வெறும் அரையடி. கூடமும் உண்மையிலேயே நன்றாக வருகிறது.

ஆனால் படிகள் 21 ஆகிவிட்டன. ஒரு பக்கத்தில் பதினொன்று வருவதால் படிக்கட்டு 300 மில்லிமீட்டர் நீள்கிறது. ஒன்று, முதல் படி நடைபாதைக்குள் ஓர் அடி வர வேண்டும். அல்லது லேண்டிங் ஓர் அடி பின்னால் போக வேண்டும். லேண்டிங் போனால் அதைத் தாங்கும் பீம் இடம் மாறும், கட்டமைப்புப் பொறியாளர் கம்பிக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும், லேண்டிங் ஜன்னல் நகரும், முகப்பு வரைபடம் மாறும், செங்கல் அளவும் பூச்சளவும் மாறும், அனுமதிக்குக் கொடுத்த உயரத்தோடு பொருந்துகிறதா என்று மறுபடியும் பார்க்க வேண்டும். இத்தனையையும் இரவோடிரவாகத் திருத்துபவர் ஒழுங்கை நாடும் அந்த இன்னொருவர். மறுநாள் காலை அவர் முகம் கொடுத்துப் பேசாவிட்டால், ‘மாற்றத்தையே விரும்பாத ஆள்’ என்ற பெயரும் அவருக்கே கிடைக்கிறது.

இருவரில் யாரும் தவறானவர் இல்லை. பூட்டும் நாள் என்று ஒன்று குறிக்கப்படாமல் இருந்ததே கோளாறு. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தேதி வையுங்கள். அந்தத் தேதிக்கு முன் எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றலாம், ‘ஏன் மாற்றுகிறாய்’ என்று கேட்கக் கூடாது. ஒழுங்கை நாடுபவர் பொறுத்துக்கொள்ள வேண்டிய காலம் அது. தேதிக்குப் பின் மாற்ற விரும்புபவர், எந்தெந்த வரைபடங்கள் பாதிக்கப்படும் என்ற பட்டியலைத் தன் கையால் எழுதி, அந்தக் கட்டத்தின் உரிமையாளரிடம் கொடுக்க வேண்டும். பட்டியலை அவரே எழுத வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். படிக்கட்டிலிருந்து முகப்பு வரை ஏழு வரைபட எண்களை எழுதிப் பார்த்தவர், அந்த அரையடி அவ்வளவு முக்கியமா என்பதைத் தானே முடிவு செய்துகொள்வார். முக்கியம் என்றால் துணிந்து கேட்பார்; அப்போது மாற்றுவதும் நியாயமே.

7. சைட்டுக்கு யாரை அனுப்புவது, என்ன சொல்லி அனுப்புவது

கலகலப்பானவரை சைட்டுக்கு அனுப்புவது வழக்கம். கொத்தனாரோடும் கான்ட்ராக்டரோடும் அவர் எளிதில் பழகுவார் என்பது உண்மை. ஆனால் சைட்டில் ஆபத்தைத் தருவது கூச்சத்தைவிட, எல்லை மீறிய இணக்கமே. ‘தம்பி, இந்த லிண்டலை ஒரு வரிசை இறக்கிக்கிடலாமா?’ என்று ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் தாங்கியைப் பற்றி மேஸ்திரி கேட்கிறார். ‘பாத்துக்கிடலாம் அண்ணாச்சி’ என்கிறார் இளையவர். அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்பது அவர் நினைப்பு. அனுமதி கிடைத்துவிட்டது என்பது மேஸ்திரியின் நினைப்பு. மறுநாள் போய்ப் பார்த்தால் கான்கிரீட் ஊற்றுவதற்கான சென்ட்ரிங் பலகை அடித்து முடிந்திருக்கும்.

சைட்டில் மூன்று பதில்கள் மட்டுமே சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள்: செய்யுங்கள், செய்ய வேண்டாம், இன்று மாலை ஆறு மணிக்குள் சொல்கிறேன். மூன்றில் எதைச் சொன்னாலும் சைட் நோட்டில் எழுதி மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எதிரில் இருப்பவரின் மனம் நோகக் கூடாது என்று தவிப்பவருக்கு இந்த விதி பெரிய துணை. மறுப்பது தானில்லை, அலுவலக வழக்கம் என்று அவரால் சொல்ல முடியும்.

பெண் கட்டடக் கலைஞர் சொன்ன அளவை, உடன் வந்த ஆண் பயிற்சி மாணவரிடம் திரும்பக் கேட்டு உறுதி செய்யும் மேஸ்திரிகள் இன்னும் இருக்கிறார்கள். அதை அந்தப் பெண்ணின் குணக் குறையாகக் கருதி, ‘நீ இன்னும் தைரியமாப் பேசணும்மா’ என்று அறிவுரை சொல்வது அநியாயம். முதல் நாளே தலைமைக் கட்டடக் கலைஞர் நேரில் வந்து, இந்த சைட்டில் இவர் சொல்வதே முடிவு என்று அறிவிக்க வேண்டும். அதன் பிறகு மேஸ்திரி போன் செய்தால், பதில் சொல்லாமல் அவரிடமே கேட்கச் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டால் முதல் பாதி வீண்.

8. வாதம் வந்தால் கையாளும் முறை

வேலையைப் பற்றிய வாதமும் ஆளைப் பற்றிய வாதமும் வேறு வேறு. கேரன் ஜென் என்ற ஆய்வாளர் 1995-இல் இந்தப் பிரிவைத் தெளிவாக வகுத்துக் காட்டினார். முதலாவது அளவோடு இருந்தால் வடிவத்துக்கு நல்லது. இரண்டாவது எந்த அளவிலும் நல்லதில்லை. முதலாவது மெல்ல இரண்டாவதாக மாறுவதைக் கண்டுபிடிப்பதே உங்கள் பொறுப்பு. ‘இந்த ஜன்னல்’ என்று தொடங்கிய பேச்சு ‘நீ எப்பவுமே’ என்று திரும்பும் இடத்தில் நிறுத்துங்கள்.

நிறுத்திய பின், ஒவ்வொருவரையும் மற்றவருடைய காரணத்தைச் சொல்ல வையுங்கள். பெருமாள்புரத்தில் ஒரு வீட்டுக்கு மேற்கே பெரிய திறப்பு வேண்டும் என்று ஒருவரும் கூடவே கூடாது என்று ஒருவரும் நிற்பதாக வைத்துக்கொள்வோம். முதலாமவர் ஆனி, ஆடியில் மலையிலிருந்து வரும் மேல்காற்றை நினைக்கிறார். இரண்டாமவர் பிற்பகல் வெயிலை நினைக்கிறார். ஒருவர் காரணத்தை மற்றவர் வாயால் சொன்னவுடன், திறப்பு வேண்டுமா என்ற கேள்வி, வெயிலைத் தடுத்துக் காற்றை எப்படி விடுவது என்று மாறிவிடும். மாலைச் சூரியன் தாழ்வாக இருப்பதால் சன்ஷேடு மட்டும் அதைத் தடுக்காது; செங்குத்தான தடுப்புகளோ துளைகளுள்ள ஜாலிச் சுவரோ வேண்டும். இப்போது இருவரும் சேர்ந்து வரைய ஒரு வேலை கிடைத்துவிட்டது.

அப்படியும் தீராவிட்டால், மூன்றாம் படியில் எழுதிய பெயருக்குரியவர் முடிவெடுத்துக் குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். வாதத்தை மறுநாளுக்குத் தள்ளினால் இருவரும் ஆளுக்கொரு பக்கம் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வருவார்கள்.

9. ஒருவரால் எல்லோரும் வாடும்போது

குழுவின் சராசரியைப் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள். சூசேன் பெல் என்ற ஆய்வாளர் 2007-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உண்மையான பணியிடக் குழுக்களில், இணக்கம் மிகக் குறைந்த அந்த ஓர் ஆளின் அளவு குழுவின் செயல்திறனோடு தெளிவாகத் தொடர்புபட்டிருப்பதைக் கண்டார். ஐவர் பொறுமைசாலிகளாக இருப்பது ஆறாமவரின் ஏளனத்தை ஈடு செய்யாது.

தனியாக அழைத்துப் பேசுங்கள். ‘உன் குணம் சரியில்லை’ என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ‘செவ்வாய்க்கிழமை அந்த மாணவியின் தாளைப் பார்த்துச் சிரித்தீர்கள், அதன் பிறகு அவர் எந்த யோசனையும் சொல்லவில்லை’ என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். மாறினால் நல்லது. மாறாவிட்டால், எல்லை தெளிவாக உள்ள தனி வேலையைக் கொடுத்து, வடிவக் கூட்டங்களிலிருந்து விலக்கி வையுங்கள். திறமைசாலி என்பதற்காக இதைத் தள்ளிப்போடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடமிருந்து முதலில் விலகிப்போனது அமைதியாக நல்ல வேலை செய்துகொண்டிருந்த வேறொருவர்தான்.

10. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அரை மணி நேரம்

அடுத்த கட்டத்தைத் தொடங்கும் முன் பதிவேட்டையும் குறிப்பேட்டையும் மேசையில் வைத்து எல்லோரும் உட்காருங்கள். பூட்டிய பிறகு எத்தனை மாற்றங்கள் வந்தன, அவை வீட்டுக்காரரிடமிருந்து வந்தனவா, நமக்குள்ளிருந்தே வந்தனவா என்று எண்ணுங்கள். நமக்குள்ளிருந்தே வந்தவை அதிகம் என்றால் பூட்டும் நாளை முன்கூட்டியே வைத்துவிட்டோம் என்று பொருள். அடுத்த வேலையில் முதல் வடிவத்துக்குக் கூடுதல் நாட்கள் ஒதுக்குங்கள்.

பிறகு அடுத்த கட்டத்துக்கு எதிரே உள்ள பெயரை உரக்கப் படியுங்கள். பயிற்சி மாணவரின் பருவம் முடிந்து அவர் கல்லூரிக்குத் திரும்புவதாக இருந்தால், அவர் கையில் உள்ள வரைபட எண்களை யார் வாங்கிக்கொள்கிறார் என்பதை அந்தக் கூட்டத்திலேயே எழுதுங்கள். அவருடைய இடத்துக்கு வரும் புதியவர், முதல் நாள் கணினியைத் திறக்கும் முன், முடிவுக் குறிப்பேட்டை முழுவதும் படித்திருக்க வேண்டும்.